குசினிச் சுவரின் பொக்குளங்கள்

மேசன் பரமலிங்கத்துக்குக் குணலட்சுமி கொடுக்கவேண்டிய கடன் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். வீட்டின் வெளிச்சுவர் பூசிய கூலி அது. மாசி மாதமே வேலை முடிந்துவிட்டது. ஆவணி பிறந்தும் காசு கைமாறவில்லை. கொடுக்க வேண்டியவள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். வாங்க வேண்டியவர்தான், "கிடக்கட்டும் தங்கச்சி, பிறகு பாப்பம்" என்று ஒவ்வொரு முறையும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பரமலிங்கத்தை அறிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கூலியை விட்டுவைக்கிற ஆளா அவர்? அந்தி சாய முன் காசு கையில் விழவேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு கல்யாண வீட்டுக்காரர், மதில் பூசிய கூலியைக் கல்யாணம் முடியத் தருகிறேன் என்று இழுத்தபோது, பரமலிங்கம் மதிலடிக்குத் திரும்பிப் போனார். ஈரம் காயாத மதிலின் நட்டநடுவே, வரவேண்டிய தொகையை விரலால் எழுதிவிட்டு வந்துவிட்டார். பந்தலுக்கு வந்த சனமெல்லாம் அதை வாசித்துக்கொண்டுதான் உள்ளே போனது. காசு அடுத்த நாளே வந்தது. எழுத்து இன்னும் அந்த மதிலில் கிடக்கிறது.

இப்படி இன்னொரு மேசனைத் தென்மராட்சியில் யாராவது காட்டட்டும், பார்ப்போம். தகப்பன் தந்த காணி இல்லை. வெளிநாட்டில் காசு அனுப்ப ஆள் இல்லை. இரண்டு கையும் ஒரு சாந்தகப்பையும்தான். அதை வைத்துக் கல்வீடு கட்டினார். சண்டையில் அது விழுந்தபோது அதே கையால் திரும்பக் கட்டினார். பெண்பிள்ளையைச் சபை நிறைந்த சனத்தோடு கட்டிக்கொடுத்தார். பட்டம் படித்த எஞ்சினியர்மார் அவர் பூசிய சுவரில் மட்டம் பிடித்துப் பார்த்துவிட்டு, கருவிதான் பிழை போலிருக்கிறது என்று கருவியை மாற்றியிருக்கிறார்கள்.

பிறந்த ஊர் பண்டத்தரிப்பு. எட்டு வயதில் பொக்குளிப்பான் வந்தது. அம்மாள் வந்திருக்கிறா என்று மரியாதையாகச் சொல்லி, படலையில் வேப்பிலை கட்டி, வாழையிலையில் கிடத்தினார்கள். உடம்பெல்லாம் பொக்குளம் பொக்குளமாய் ஊதி, நீர் கட்டி நின்றது. அந்த ஒழுங்கையில் மற்றப் பிள்ளைகளுக்கும் வந்ததுதான். தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் அவர்களை விட்டு அம்மாள் போய்விட்டா. பரமலிங்கம் பொறுக்காமல் சொறிந்துவிட்டார். முகத்தில் வந்த பொக்குளமெல்லாம் ஆளாளுக்கு ஒரு குழியை விட்டுவிட்டுப் போயின.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'இடியப்பத் தட்டு' என்று பெயர் விழுந்தது. "டேய், மாவைப் பிழிஞ்சு ஊத்தட்டோ?" என்று கன்னத்தை அமத்துவார்கள். வாத்தியாரும் ஒருநாள் சிரித்துவிட்டார். அன்றைக்கு மூடிய ஐந்தாம் வகுப்புக் கொப்பியைப் பரமலிங்கம் பிறகு திறக்கவில்லை.

மேசன் ஒருவருக்குக் கல் சுமக்கப் போனார். அங்கேதான் அதைக் கண்டார். சொறி பிடித்ததுபோல் கிடந்த சுவரில் மேசன் ஈரச் சாந்தை எறிந்து, மட்டப்பலகையால் ஒருமுறை தேய்த்தார். குழி இருந்த இடம் தெரியவில்லை. இன்னொருமுறை தேய்த்தார். சுவர் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அன்று முழுக்கப் பரமலிங்கம் சோறு தின்ன மறந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு முடியாதது சுவருக்கு முடிகிறது.

அதிலிருந்து அவருடைய பூச்சுக்கு 'கண்ணாடிப் பூச்சு' என்று பெயர். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கன்னத்தை வைச்சுப் பாருங்கோ" என்பார். வைத்துப் பார்க்காவிட்டால் விடமாட்டார். மனைவி பராசக்திக்கு இது பெரிய பகிடி. "ஊராற்றை சுவரெல்லாம் பூசிறியள். மிஞ்சின சாந்திலை உங்கடை முகத்தையும் ஒருக்கால் இழுத்துவிடுங்கோவன்."

"முகத்தைப் பாத்தே நீ கழுத்தை நீட்டினனி?"

"கண்ணாடி போடாமல் வந்திட்டன்."

அவரும் சிரிப்பார். ஆனால் எந்தச் சுவரிலும் ஒரு குழியைக் கண்டால் அவருடைய கை சும்மா இராது.

குணலட்சுமியின் வீடு சாவகச்சேரியில், ஏ-9 தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பழைய கல்வீடு, கல்லும் சுண்ணாம்பும். புருசன் காலமாகிவிட்டார். மகள் வினோஜா லண்டனில் தாதியாக இருக்கிறாள். தைப்பொங்கல் முடிந்த கையோடு குணலட்சுமி கண்ணில் வெள்ளை விழுந்து சத்திரசிகிச்சைக்குப் போனாள். ஆறும் வரைக்கும் உடுப்பிட்டியில் தமக்கை வீட்டில் தங்கினாள். அம்மா திரும்பி வரும்போது புதுக்கண்ணால் புதுவீட்டைப் பார்க்கட்டும் என்று வினோஜா ஆசைப்பட்டாள். பரமலிங்கத்தின் போனுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினாள்.

பரமலிங்கம் அதை மருமகன் றஜிந்தனோடு குணலட்சுமி வீட்டு முற்றத்தில் நின்று கேட்டார். மருமகனே அவருக்குக் கையாள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அமைதியான ஆள்.

"ஐயா, வெளிச்சுவர் முழுக்கப் பூசுங்கோ. அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ, அவ வந்து பாக்கட்டும். மற்றது, குசினிப் பின்சுவரிலை இருக்கிற பொக் மார்க்ஸ் எல்லாத்தையும் கவனமாக் கவனிச்சுக்கொள்ளுங்கோ. அது முக்கியம், என்ன."

பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். கிணற்றைப் பார்த்தபடி இருந்த குசினிச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதில் அள்ளி எறிந்ததுபோல் குழிகள். சாவகச்சேரியில் இப்படிச் சுவர்கள் முந்தி வீட்டுக்கு வீடு இருந்தன. பரமலிங்கமே எத்தனையோ அடைத்திருக்கிறார்.

"மாமா, உது சண்டையிலை செல் பட்ட குழியள். அடைச்சு இழுத்துவிட்டாச் சரி" என்றான் றஜிந்தன்.

"குழி எண்டு அந்தப் பிள்ளை சொன்னவளோ? பொக் எண்டெல்லோ சொன்னவள்."

"பொக் எண்டா?"

"பொக்குளம். உமக்கு உது தெரியாதே? எங்கடை சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கொண்டுபோய் வாலை வெட்டி வைச்சிருக்கிறான். கட்டுமரத்தைக் கொண்டுபோகேல்லையே, கறியைக் கொண்டுபோகேல்லையே? அப்பிடித்தான் இதுவும். பொக் மார்க் எண்டால் பொக்குளம் விழுந்த அடையாளம். பூச்சு உள்ளுக்குள்ளை ஊதிப்போய்க் கிடக்குதாம். தாதிப் பிள்ளை, ஊதினதும் வத்தினதும் அவளுக்குத் தெரியாதே?"

"தட்டிப் பாத்தா ஊதினமாதிரி இல்லை, மாமா."

"எத்தினை வரியம் நீர் சுவர் தட்டினனீர்?"

றஜிந்தன் உளி எடுக்கப் போனான்.

மேசன் வேலை தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள வித்தியாசம் விளங்கும். குழி என்றால் சாந்தை வைத்து அடைத்து, மேலே மெல்லிசாய் இழுத்துவிடலாம். பழைய முகம் உள்ளே இருக்கும். பொக்குளம் என்றால் அப்படி விட முடியாது. ஊதிய பூச்சின் மேல் பூசினால் அடுத்த மாரிக்குப் பாளம் பாளமாய்க் கழன்று விழும். கல் தெரியும் வரைக்கும் கொத்தி எடுக்கவேண்டும். குறுக்குவழி பரமலிங்கத்துக்குப் பிடிக்காது. கொத்த ஏணி வைத்தார்.

உளியை வைக்கும்போது றஜிந்தன் ஒன்றைக் கவனித்தான். "மாமா, இந்தக் குழிக்குள்ளை பூ கிடக்கு."

வாடிய நந்தியாவட்டை. இன்னும் இரண்டு மூன்று குழிகளிலும் காய்ந்த காம்புகள் இருந்தன.

"அணில் கொண்டந்து வைச்சிருக்கும்" என்று பரமலிங்கம் ஊதிவிட்டார்.

அவரும் ஒன்றைக் கவனித்தார். குழிகளுக்கு நடுவே ஒரு இடம் மட்டும், ஒரு ஆள் அகலத்துக்கு, பழுதில்லாமல் கிடந்தது. "இந்தத் துண்டு மட்டும் சுகமாக் கிடக்கு" என்றார். சுகமாய்க் கிடந்ததையும் சேர்த்துக் கொத்தினார். அரைகுறை வேலை அவருக்குத் தெரியாது. சுண்ணாம்போடு துருப்பிடித்த இரும்புத் துண்டுகளும் உதிர்ந்தன. எல்லாவற்றையும் அள்ளி, ஒழுங்கையில் மாரித் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் கொட்டி நிரவினார்கள். அயலட்டைச் சனம் அதற்கும் நன்றி சொன்னது.

குசினிச் சுவருக்கு மட்டும் அவர் றஜிந்தனை மட்டப்பலகை தொடவிடவில்லை. முக்கியம் என்று அந்தப் பிள்ளை சொன்னவள் அல்லவா? ஆயுளில் அப்படி ஒரு பூச்சு அவரே பூசியதில்லை. பக்கத்தில் நின்றால் ஆளின் நிழல் அதில் மெல்லிசாய் விழுந்தது.

குணலட்சுமி ஓட்டோவில் வந்து இறங்கியபோது பரமலிங்கம் வெள்ளை வேட்டியோடு முற்றத்தில் நின்றார். கறுப்புக்கண்ணாடிக்குள்ளால் அவள் வீட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன அண்ணை இது? ஆற்றையோ வீட்டு வாசல்லை இறக்கிப்போட்டான் எண்டெல்லோ நினைச்சன்."

"மகளின்ரை வேலை. கன்னத்தை வைச்சுப் பாருங்கோ தங்கச்சி."

"சும்மா இருங்கோ, ஆராலும் பாத்தாச் சிரிக்கப்போகினம்." ஆனாலும் உள்ளங்கையால் முன்சுவரைத் தடவினாள். முகத்தில் சந்தோசம் தெரிந்தது. "கால் கழுவிப்போட்டு வாறன்" என்று பின்பக்கம் நடந்தாள்.

பரமலிங்கம் பின்னால் போனார். அந்தச் சுவரைக் காணும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

கிணற்றடிக்குப் போகிற எவரும் அந்தச் சுவரோரமாய்த்தான் போகவேண்டும். குணலட்சுமி பார்க்காமலே கையை நீட்டினாள், பழகிய கை. விரல்கள் சுவரில் பட்டு, வழுக்கி, கீழே வந்தன. திரும்ப நீட்டினாள். திரும்பவும் வழுக்கின. நின்று கறுப்புக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"அண்ணை, இதிலை கிடந்தது எங்கை?"

"எது தங்கச்சி?"

"இதிலை கிடந்த குழியள்."

"கவனிச்சாச்சு. கல்லுத் தெரியக் கொத்தித்தான் பூசினது. இனி ஆயுளுக்கும் வராது."

அவள் இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்தாள். இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம் வரைக்கும் தடவிக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். குருடியைப்போல் தடவினாள், புதுக்கண் இரண்டும் திறந்திருக்க.

"அவன் நிண்ட இடம் எங்கை?" என்றாள். "அண்ணை, என்ரை பிள்ளை நிண்ட இடம் எங்கை?"

பரமலிங்கத்துக்கு விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது.

இரண்டாயிரமாம் ஆண்டு, சாவகச்சேரி முழுக்க இடம்பெயர்ந்த நேரம். குணலட்சுமியின் மூத்தவன் கோபிசங்கர், அப்போது பத்தொன்பது வயது, சைக்கிளில் மூட்டையைக் கட்டிவிட்டுக் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றான். செல் கிணற்றடியில் விழுந்து வெடித்தது. சிதறிய இரும்புச் சன்னங்கள் சுவர் முழுக்கப் பட்டன. அவன் நின்ற இடத்தில் மட்டும் படவில்லை. அந்த இடத்துக்கு வந்ததையெல்லாம் அவன் வாங்கிக்கொண்டான். அயலில் மிஞ்சியிருந்த இரண்டு பேர் அவசரமாய் எரித்தார்கள். சாம்பல் அள்ளவும் நேரமில்லை. திரும்பி வந்தபோது கூரையும் அலுமாரியும் எரிந்து போயிருந்தன. அதோடு படங்களும் போயின. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. சுவர் நின்றது. குழிகளுக்கு நடுவே, தோளும் தலையுமாய், குழியில்லாத அந்த இடமும் நின்றது.

மகளைத் தவிர அவள் அதை யாருக்கும் காட்டியதில்லை. எரிந்த வீட்டைத் திருத்தித்தர வீட்டுத்திட்டக்காரர் வந்தபோதும், குசினிச் சுவர் அப்படியே கிடக்கட்டும், காசு மிச்சம் என்று சொல்லிவிட்டாள். கண் மங்கிய பிறகு விரலால் பார்த்தாள். பூ வைத்தது குழிகளுக்கல்ல, அவனைச் சுற்றி.

"நான் கழட்டித் தாறன், தங்கச்சி" என்றார் பரமலிங்கம். "பூசினவனுக்குக் கழட்டத் தெரியும்."

வாய் சொன்னது. கழற்றினால் உள்ளே வெறுங்கல்தான் என்று கைக்குத் தெரியும். அடைத்துவிட்டிருந்தால் ஒவ்வொரு குழியாய்த் திரும்பத் தோண்டியிருக்கலாம். பொக்குளம் என்று கொத்தியதால் தோண்ட எதுவும் இல்லை. ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போய் நின்றார். கல் ஏற்றிய உழவுமெசின்கள் ஓடி, சுண்ணாம்பு மண்ணாகிக் கிடந்தது. ஒரு இரும்புத் துண்டு மட்டும் அகப்பட்டது. அது அங்கிருந்து வந்ததா, உழவுமெசினிலிருந்து விழுந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மடிக்குள் வைத்தார், வீடு போக முன் எறிந்துவிட்டார்.

அன்று மாலை வினோஜா அழைத்தாள்.

"கவனமாக் கவனிச்சுக்கொள்ளுங்கோ எண்டெல்லோ ஐயா சொன்னனான்."

"கவனிச்சனான் பிள்ளை."

"ஒண்டும் செய்யாமல் பாத்துக்கொள்ளுங்கோ எண்டுதான் அதுக்கு அர்த்தம்."

"மேசனிட்டைக் கவனி எண்டா, செய் எண்டுதான் பிள்ளை அர்த்தம். பொக் எண்டது எங்கடை பொக்குளந்தானே, அதுதான் கொத்தினனான்."

"பொக் மார்க்ஸ் எண்டா வடு, ஐயா. பொக்குளம் இல்லை. அம்மாள் வருத்தம் வந்த முகத்திலை குழிகுழியாக் கிடக்குமே, அதுக்குச் சொல்லுறது. சன்னம் பட்ட சுவருக்கும் அதைத்தான் சொல்லுவினம்."

பரமலிங்கத்தின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிருந்தது. எழுபத்தொரு வயது வரைக்கும் முகத்தில் சுமந்து திரிந்ததன் பெயர் அதுதான் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. தெரிந்திருந்தாலும் என்ன, வடுவைக் கவனி என்று ஒருவர் சொன்னால் பூசு என்றுதான் அவர் காது கேட்டிருக்கும். வைத்துக்கொள் என்று கேட்க அவருக்குப் பழக்கமில்லை.

ஒரு கிழமை கழித்து அவளிடமிருந்து இன்னொரு குரல் வந்தது. நல்ல வளர்ப்பில் வந்த பிள்ளை. கோபத்திலும் நியாயம் விடவில்லை.

"ஐயா, உங்களைப் பிழை எண்டு காட்டவேணும் எண்டுதான் அகராதியைப் பாத்தனான். பழைய இங்கிலீசிலை பொக் எண்டால் பொக்குளந்தானாம். ஊதி நிக்கிற பொக்குளம். பையைச் சொல்லுற சொல்லுக்கும் அதுக்கும் ஒரே வேராம். பொக்கற் எண்டுறமே, அதுவும் அந்தக் குடும்பமாம். பொக்ஸ் எண்டு வருத்தத்துக்குச் சொல்லுறதும் அதின்ரை பன்மைதான். பொக்குளம் வத்தி விழுந்தாப் பிறகு மிஞ்சிற குழிக்குத்தான் பொக் மார்க் எண்டு பேர் வைச்சவை. தமிழிலையிருந்து போனதெண்டு ஒரு இடத்திலையும் இல்லை, ஐயா. சத்தம் மட்டும் ஒத்துவருது. ஆனால் அர்த்தம் நீங்கள் சொன்னதுதான்."

வேறொரு காலமாய் இருந்திருந்தால் அந்தக் குரலைச் சந்தைக்குக் கொண்டுபோய், மீன்காரர் தொடங்கி மருந்துக்கடைக்காரர் வரைக்கும் போட்டுக் காட்டியிருப்பார். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் லண்டன் அகராதியை வென்ற கதையாய் அது ஒரு வருசத்துக்கு ஓடியிருக்கும். இப்போது றஜிந்தன்தான், "மாமா, நீங்கள் சொன்னது சரியாம்" என்றான்.

"ஓம். சரிதான்" என்றார். "சரியாயிருந்து என்னத்தைக் கண்டது? இல்லாமல் போனதின்ரை பேரைக் குழிக்கு வைச்சிருக்கிறாங்கள். நான் பேரைப் பிடிச்சுக்கொண்டு குழியை அழிச்சுப்போட்டன்."

ஆனாலும் அவர் விடவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வது எப்படி என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உளியும் சுத்தியலுமாய்ப் போனார். புதுப்பூச்சில் குழி கொத்தினார். நுனியை வளைத்து, சன்னம் பட்டதுபோல் ஓரம் உதிர்த்து, சுண்ணாம்பு கரைத்துப் பழசாக்கினார்; பழைய குழிதான் என்று பார்க்கிறவன் சத்தியம் பண்ணுவான், அப்படி இருந்தது. குணலட்சுமி வந்து ஒரு குழியில் விரலை வைத்தாள். உடனே எடுத்தாள்.

"இது உங்கடை கைவேலை, அண்ணை."

"இன்னும் கொஞ்சம் ஆழமாய்..."

"ஆழம் சரி. அவனைத் தெரியேல்லை."

அவன் எங்கே என்பதுதான் கேள்வி. அந்த வெறும் இடம் கிணற்றுப் பக்கமாய் இருந்ததா, யன்னல் பக்கமாயா? தோள் எந்த உயரத்தில் இருந்தது? தான் பூசிய சுவரெல்லாம் கண்ணை மூடினால் தெரியும் என்று சொல்லித் திரிந்தவருக்கு, கொத்திய சுவர் தெரியவில்லை. குணலட்சுமியிடம் கேட்டார், பிள்ளையின் உயரம் என்ன என்று. அவள் கையை உயர்த்திக் காட்டினாள். கை நின்ற இடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இறக்கினாள். திரும்ப ஏற்றினாள். பிறகு கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆளை நிறுத்தி அளந்தால் என்ன? றஜிந்தனைச் சுவரில் சாயச் சொன்னார்.

"கொஞ்சம் வலப்பக்கம். தலையைச் சுவரோடை வையும்."

கரித்துண்டை எடுத்து அவனுடைய தோளைச் சுற்றிக் கோடு இழுக்கத் தொடங்கினார். குணலட்சுமி வாளியோடு கிணற்றடியிலிருந்து நிமிர்ந்தாள். அந்தச் சுவரில் சாய்ந்து ஒரு ஆண்பிள்ளை நிற்பதைக் கண்டாள். வாளி கையிலிருந்து கிணற்றுக்குள் போனது.

"அவரை அங்காலை வரச் சொல்லுங்கோ" என்றாள். குரல் உயரவில்லை. "அதிலை நிக்கவேண்டாம். அவருக்குப் பிள்ளையள் இருக்கு. வரச் சொல்லுங்கோ, அண்ணை."

றஜிந்தன் விலகி வந்தான். சுவரில் அரைத் தோள் கரிக்கோடு மட்டும் மிஞ்சியது. பரமலிங்கம் அதை ஈரச் சாக்கால் துடைத்தார். கண்ணாடிப் பூச்சு, ஒரு இழுப்பில் போய்விட்டது.

அதற்குப் பிறகும் அவர் வந்தார். உளி கொண்டுவரவில்லை. படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, முற்றத்தில் நிற்பார். "சுவர் வெடிச்சுதோ பாக்க வந்தனான்" என்பார். அவருடைய சுவர் வெடிக்காது என்று இருவருக்கும் தெரியும். குணலட்சுமி காசை எடுக்கப் போவாள். அவர் சைக்கிளைத் திருப்புவார். கடன் நிற்கும்வரைக்கும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முடியாத வேலையைச் சரிப்படுத்த இன்னும் இடமிருக்கிறது. அந்த ஒரு நினைப்பை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பராசக்திக்குத் தெரியும். "உந்தக் காசை வாங்கினால் உங்களுக்கு உயிர் போயிடும் போல" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

ஆவணியில் ஒரு காலை, வழமைபோல் போனார். குணலட்சுமி முற்றத்துக்கு வந்துவிட்டாள். கையில் துணிமுடிச்சு.

"இது லண்டன் காசில்லை, அண்ணை. பலாப்பழமும் மாங்காயும் வித்தது. தேங்காய்க்காரனும் மிச்சம் தந்திட்டான்."

"கிடக்கட்டும் தங்கச்சி."

"கிடக்கக் கூடாது."

"நான் செய்த வேலைக்கு நீங்கள் காசு தந்தா எனக்குப் பாவம்."

"வேலை நல்ல வேலை. நான் குறை சொல்லேல்லை. ஊரிலை ஒருத்தரும் இப்பிடிப் பூசமாட்டினம்."

அவர் சைக்கிளின் காண்டிலைப் பிடித்தார். அவள் முன்னால் வந்து நின்றாள்.

"கடன் கிடந்தால் நீங்கள் வருவியள், அண்ணை. நீங்கள் வந்து நிண்டால், இண்டைக்கு ஏதோ ஒண்டு செய்யப்போறியள் எண்டு எனக்கும் நெஞ்சு இடிக்குது. நீங்கள் போனாப் பிறகு போய்த் தடவிப் பாக்கிறன். ஒவ்வொரு முறையும் போய்ப் பாக்கிறன். ஏலாது, அண்ணை. இனி என்னாலை ஏலாது."

இன்னொரு யோசனை இருக்கிறது என்று சொல்லப் பரமலிங்கம் வாயெடுத்தார். யோசனை இல்லை.

"கையை நீட்டுங்கோ."

ஈரம் காயாத மதிலில் தொகை எழுதியவர் அவர். கொடுத்த கூலியை வேண்டாம் என்று இந்த வீட்டுக்கு முன் ஒருநாளும் சொல்லாதவர். கை மெல்ல நீண்டது. சீமெந்து அரித்து, உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளமாய்க் கிடந்தது.

குணலட்சுமி முடிச்சை அவிழ்த்தாள். நாலைந்து ஐயாயிரம், மிச்சம் ஆயிரமும் ஐந்நூறும். சந்தைக் காசு, மடிப்பு விழுந்தது. ஒவ்வொன்றாய் விரித்து, புதுக்கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, வாய்விட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தாள். இடையில் ஒருமுறை பிழைத்துவிட்டது. "பொறுங்கோ" என்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, முதலிலிருந்து எண்ணினாள். அவர் கையை மடக்காமல் நின்றார்.

"நாப்பத்தேழரை" என்றாள். கடைசி ஐந்நூறை விரித்து மேலே வைத்து, பெருவிரலால் அமத்திவிட்டாள். "நாப்பத்தெட்டு. சரியோ, அண்ணை?"